பாதுகாப்பு எச்சரிக்கை மின்னஞ்சல்: படித்தவர் செய்து முடிக்கும்படி எழுதும் முறை

2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்னும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) உலகெங்கும் பரவியபோது, பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பான என்எச்எஸ் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் முதலியவற்றை நடத்தும் 236 என்எச்எஸ் அறக்கட்டளைகளில் குறைந்தது 81 அறக்கட்டளைகளின் பணி தடைபட்டது. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த சிகிச்சை நேரங்கள் ரத்து செய்யப்பட்டன. அந்தத் தீநிரல் நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை உடனே நிறுவுமாறு என்எச்எஸ் டிஜிட்டல் அமைப்பு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பியும் இருந்தது. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையில் 59 நாட்கள் இருந்தன. அந்த எச்சரிக்கையின்படி யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று பார்ப்பதற்கு முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது.

எச்சரிக்கை மின்னஞ்சல் எழுதும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்வை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கையை அனுப்பியதோடு நம் கடமை முடிவதில்லை. பெற்றவர் சொன்னதைச் செய்து முடித்தால்தான் அது எச்சரிக்கையாகிறது. சில நூறு பேர் பணியாற்றும் அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, ஆலை போன்ற இடங்களில் இந்த மின்னஞ்சல்களை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஐடி பிரிவில் இருக்கும் ஓரிருவர் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எங்கே தள்ளிப்போடுகிறார்கள், எதைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பது பற்றி நடத்தை அறிவியல் சேர்த்து வைத்திருக்கும் பாடங்கள் இந்தப் பணிக்கு நேரடியாகப் பயன்படுகின்றன.

அச்சத்தைவிட வழி முக்கியம்

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவன்தால் என்னும் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் மாணவர்களிடம் டெட்டனஸ் நோய் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்கு நோயின் கொடுமையை விரிவாகக் காட்டும் கையேடு, சிலருக்கு அடக்கமாகச் சொல்லும் கையேடு. கொடுமையைப் படித்தவர்கள் அதிகம் அஞ்சினார்கள், தடுப்பூசி அவசியம் என்று அழுத்தமாகச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். பிறகு மற்றொரு குழுவுக்குப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் இருக்கும் இடத்தைக் குறித்த வரைபடத்தையும் ஊசி போடும் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்று யோசிக்கச் சொன்னபோது, அந்த அளவு ஏறத்தாழ 28 விழுக்காடாக உயர்ந்தது. அந்த மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது அந்த மாணவர்களுக்குப் புதிய செய்தியே அல்ல. வரைபடம் அவர்களுக்குத் தகவலைத் தரவில்லை. எண்ணத்திலிருந்து காலடிக்கு ஒரு பாதையைத் தந்தது. அச்சமூட்டும் செய்தி எதுவும் இல்லாமல் வழியை மட்டும் பெற்றவர்களும் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிது அச்சம் தேவை. அது ஒரு வாக்கியத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மீதி இடம் முழுவதும் வழிக்குரியது.

நம் அலுவலக எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. ஆபத்தைப் பற்றி நான்கு பத்தி, செய்ய வேண்டியது பற்றி “உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று ஒரு வரி. எது உரிய நடவடிக்கை என்று தெரிந்தவருக்கு அந்த மின்னஞ்சலே தேவையில்லை.

எழுதுமுன் முடிவு செய்ய வேண்டியது

இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், குரோம் பிரவுசரில் கண்டறியப்படும் ஓட்டைகளைப் பற்றி அடிக்கடி அறிவிப்பு வெளியிடுகிறது. எந்தப் பதிப்பு பாதிக்கப்பட்டது, தீவிரம் எவ்வளவு, விளைவு என்ன, தீர்வு என்ன என்ற வரிசையில் அமைந்த அந்த அறிவிப்பு, கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கு உரிய நல்ல ஆவணம். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அத்தகைய அறிவிப்பு ஒன்றை அப்படியே எல்லா ஊழியர்களுக்கும் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மறுநாள் வேறொரு வேலையாகக் கணக்குப் பிரிவுக்குப் போனபோது, அங்கே பணியாற்றும் ஓர் அம்மாவின் திரையில் குரோமின் வலது மேல் மூலையில் புதுப்பிப்புக்கான அடையாளம் சிவப்பு நிறத்தில் இருந்தது. மெயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததாகவும், அது ஐடி பிரிவு செய்ய வேண்டிய வேலை என்று எண்ணியதாகவும் சொன்னார். பிரவுசரை மூடித் திறந்தால் போதும் என்றதும் அவர் முகம் மாறியது. ஜிஎஸ்டி தளத்தில் பாதி நிரப்பிய படிவமும் வங்கிப் பக்கமும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பக்கங்களும் திறந்திருந்தன. “மூடினால் எல்லாம் போய்விடுமே தம்பி” என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். குரோம் தன் திருத்தங்களைத் தானாகவே இறக்கிக்கொள்கிறது. ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் அவை நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே ஊழியர் செய்ய வேண்டிய செயல் ஒன்றே ஒன்று, அதற்கு இரண்டு நிமிடம் போதும். அதைத் தடுத்தது அறியாமையோ அலட்சியமோ அல்ல, திறந்திருக்கும் வேலை போய்விடும் என்ற நியாயமான பயம். என் மின்னஞ்சல் செயலையும் சொல்லவில்லை, அந்தப் பயத்துக்கும் பதில் தரவில்லை.

எனவே தட்டச்சு செய்யத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: இதை யார் செய்ய வேண்டும், அவர் செய்ய வேண்டிய ஒரே செயல் என்ன, அதைச் செய்யவிடாமல் அவரைத் தடுப்பது எது. மூன்றாவதற்கு விடையை மேசையில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள். அந்தப் பிரிவுக்கு நடந்து போய் இருவரைக் கேளுங்கள். ஊழியர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, சேவையகத்தில் நாமே செய்துவிடலாம் என்று தெரியவந்தால், மின்னஞ்சல் அனுப்பவே வேண்டாம்.

ஒரு மாதிரி

அதே செய்தியைத் திருத்தி எழுதினால் இப்படி அமையும்:

பொருள்: குரோமை இன்று ஒருமுறை மூடித் திறக்கவும் (2 நிமிடம்)

“கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு,

குரோம் பிரவுசரில் உள்ள ஓர் ஓட்டை வழியாகக் கடவுச்சொற்கள் திருடு போகக்கூடும். அதை அடைக்கும் திருத்தம் உங்கள் கணினிக்கு வந்துவிட்டது. பிரவுசரை மூடித் திறந்தால்தான் அது வேலை செய்யும்.

மதிய உணவுக்கு எழுமுன் இதைச் செய்யுங்கள். பாதியில் இருக்கும் படிவத்தைச் சேமியுங்கள். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘ஹெல்ப்’, பிறகு ‘அபௌட் கூகுள் குரோம்’ என்பதைத் திறங்கள். ‘ரீலாஞ்ச்’ என்னும் பொத்தான் வந்தால் அதை அழுத்துங்கள். பொத்தான் வராமல், குரோம் புதிய பதிப்பில் இருப்பதாகத் திரை சொன்னால் உங்கள் வேலை முடிந்தது. திறந்திருந்த பக்கங்கள் தாமாகவே திரும்ப வரும். சேமிக்காத படிவம் மட்டும் வராது.

இந்த மெயிலில் லிங்க் எதுவும் இல்லை, கோப்பு எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் அறிவிப்புப் பலகையில் இதே செய்தியைப் பார்க்கலாம், அல்லது உள்தொலைபேசியில் ஐடி பிரிவை அழைக்கலாம்.”

பொருள் வரியில் செயல் முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கைபேசித் திரையில் பொருள் வரியின் தொடக்கச் சொற்கள் மட்டுமே தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் மூன்று நான்கு சொற்களுக்குள் செய்தி முடிந்தாக வேண்டும். “முக்கிய அறிவிப்பு: தகவல் பாதுகாப்பு தொடர்பாக” என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதும் வீணாகிறது. எவ்வளவு நேரமாகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்; இரண்டு நிமிட வேலை என்று தெரிந்தால் தள்ளிப்போடும் மனம் சற்று இளகும். ஆனால் அந்த அளவு உண்மையாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்று சொல்லிப் பதினைந்து நிமிடம் பிடித்தால், அடுத்த மின்னஞ்சலை அவர் நம்ப மாட்டார்.

தீவிர அளவு, ஓட்டையின் அடையாள எண், பதிப்பு எண்கள் ஆகியவை வேண்டுவோர் நம் அலுவலகத்திலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு வாசகரை ஒரே மின்னஞ்சலில் திருப்திப்படுத்த முயல்வது இருவரையும் இழப்பதில் முடிகிறது.

மோசடி மின்னஞ்சலின் சாயல் படியக்கூடாது

இந்தத் துறையில் நடத்தை அறிவியலைக் கையாளும்போது மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுவே. பிரிட்டன் அரசு தொடங்கிய நடத்தை ஆய்வுக் குழு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, ஒரு செயலை மக்கள் செய்ய வேண்டுமானால் அதை எளிதாக்கு, கவனத்தை ஈர்க்கும்படி செய், பிறர் செய்வதைக் காட்டு, சரியான நேரத்தில் கேள் என்று நான்கு வழிகளைச் சொல்கிறது. சுகாதாரத் துறையும் வரித் துறையும் இவற்றைத் தயக்கமின்றிக் கையாளலாம். ஆனால் மோசடிக்காரர்களும் இந்த நான்கையும் நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய போலிச் செய்தியை நினைத்துப் பாருங்கள்: சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும். தமிழ்நாட்டிலும் மின்வாரியத்தின் பெயரால் அது வந்தது. குறித்த நேரம், அதிகாரத்தின் குரல், உடனடி இழப்பு, ஒரே ஓர் எளிய செயல் என எல்லாம் அதில் கச்சிதமாக இருந்தன.

நாம் எழுதும் எச்சரிக்கையும் “உடனே செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும், இங்கே அழுத்தவும்” என்று சொல்லுமானால், மோசடிக்கு இணங்கும் பழக்கத்தை நாமே ஊழியருக்குக் கற்பிக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு மின்னஞ்சலால் இந்த முறை அனைவரும் கடவுச்சொல்லை மாற்றினாலும், அடுத்த முறை அதே வடிவில் வரும் போலி மின்னஞ்சலுக்கும் அவர்கள் அதேபோல் இணங்குவார்கள். இதனால் செயலை எளிதாக்க லிங்க் கொடுக்கும் ஆசையை நாம் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். லிங்குக்குப் பதிலாக, வாசகர் தாமாகவே நடந்து போகக்கூடிய வழியைச் சொல்லுங்கள்: வழக்கமாகத் திறக்கும் செயலியைத் திறந்து இந்தப் பகுதிக்குப் போங்கள் என்று. ஓர் அடி கூடுதலாகும். அந்த அடி பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை. எப்போதும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புங்கள். அதே செய்தியை அறிவிப்புப் பலகையிலோ அலுவலக உள்தளத்திலோ வையுங்கள். சரிபார்த்துக்கொள்ள அழைப்பவரிடம் ஒருபோதும் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்தான் நீங்கள் கற்பிக்க விரும்பியதைச் சரியாகச் செய்கிறவர்.

பிறர் செய்வதைச் சொல்லும்போது

“நம் ஊழியர்களில் பெரும்பாலோர் இன்னும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லையே வைத்திருக்கிறார்கள்” என்று வருத்தத்தோடு எழுதுவது இயல்பு. அது எதிர்விளைவைத் தரும். அரிசோனா மாநிலத்தின் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்தினியின் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். முன்பு வந்தவர்களில் பலர் கல்லாகிய மரத்துண்டுகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று வருந்திய பலகை இருந்த பாதையில் குறியிட்டு வைத்த துண்டுகளில் 7.92 விழுக்காடு திருடு போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை இருந்த பாதையில் 1.67 விழுக்காடுதான். ஊரே செய்கிறது என்று கேட்டவர், நாமும் செய்தால் என்ன என்று எண்ணிவிடுகிறார். நல்லதைச் செய்தவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் சொல்லுங்கள். அது உண்மையாகவும் அவருக்கு நெருக்கமானவர்களைப் பற்றியதாகவும் இருக்கட்டும். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் அந்தப் பேச்சையே எடுக்காமல் விடுங்கள். ஒருபோதும் கூட்டிச் சொல்லாதீர்கள்.

எப்போது, எத்தனை முறை

கணக்குப் பிரிவுக்கு மாதத்தின் 20ஆம் தேதி எந்த வேண்டுகோளையும் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அவர்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள். மருத்துவமனையில் காலைப் புறநோயாளி நேரம், கல்லூரியில் மதிப்பெண் பதிவேற்றும் வாரம் என ஒவ்வோர் இடத்துக்கும் இப்படி ஒரு நெருக்கடி உண்டு. மூடித் திறக்கும் வேலையானால் தேநீர் அல்லது மதிய உணவு நேரத்துக்குச் சற்று முன்பு கேட்பது பொருத்தமானது. எப்படியும் எழுந்து போகப்போகிற மனிதரிடம் போகும்போது ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள் என்கிறோம்.

வேலை சற்றுப் பெரிதாக இருந்தால், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்துவது போன்றவற்றுக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குச் செய்யப்போகிறார் என்று அவரையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல் தடுப்பூசிக்கான அஞ்சலில் நாளையும் நேரத்தையும் தாமே எழுதிக்கொள்ளும்படி இரண்டு கட்டங்களைச் சேர்த்ததால் மட்டுமே, ஊசி போட்டுக்கொண்டவர்களின் அளவு ஏறத்தாழ 4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது என்று நடத்தை அறிவியல் ஆய்வாளர் கேத்தரின் மில்க்மனின் குழுவினர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அச்சிட ஆகும் செலவு ஒன்றுமில்லை.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, அவற்றை நன்றாக எழுதுவதற்கு இணையான வேலை. ஒரே தோற்றத்தில் இருக்கும் எச்சரிக்கையை இரண்டாவது முறை பார்க்கும்போதே மூளையின் காட்சிப் பகுதியில் செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு மூளை வரைபடக் கருவியின் மூலம் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2009ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், பயனர்கள் பாதுகாப்பு அறிவுரையைப் புறக்கணிப்பது சோம்பலால் அல்ல, அதைப் பின்பற்ற ஆகும் நேரம் அதனால் தவிரும் இழப்பைவிடப் பெரிதாக இருப்பதால்தான் என்று வாதிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பேருக்கு ஐந்து நிமிட வேலை ஒன்றைக் கொடுத்தால் அது 33 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு. நான்கு முழு வேலை நாட்கள். அதற்குத் தகுதியான ஆபத்தா என்ற கேள்விக்கு ஆம் என்று மனம் துணிந்து சொல்லும்போது மட்டும் அனுப்புங்கள். “மிக அவசரம்” என்ற சொல்லை உண்மையான அவசரத்துக்கென்று எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவருக்கு ஒரு வரி

போலி மின்னஞ்சல் ஒன்றைப் பற்றி எச்சரிக்கும்போது, அதைப் படிப்பவர்களில் ஒருவர் ஏற்கெனவே அதை அழுத்தியிருப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். “அழுத்திவிட்டீர்களா? தவறில்லை. உடனே எங்களை அழையுங்கள், உங்கள் மேலாளரிடம் போகாது” என்ற வரி, நூறு அறிவுரைகளைவிட மதிப்புள்ளது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. வெட்கத்தால் ஊழியர் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தாக்குபவருக்குக் கிடைக்கும் நேரம். அந்த வரியில் கொடுத்த வாக்கை மீறாமல் இருப்பது நிர்வாகத்தின் கடமை. முன்கூட்டியே அவர்களிடம் பேசி ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.

செய்தார்களா என்று பார்ப்பது

எத்தனை பேர் மின்னஞ்சலைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப வேண்டாம். 2021ஆம் ஆண்டு முதல் ஆப்பிளின் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், யாரும் படிக்காமலேயே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. திறக்காதவரும் திறந்தவராகக் கணக்கில் வருவார். மேலும், திறப்பது நம் நோக்கமும் அல்ல. எத்தனை கணினிகளில் குரோமின் புதிய பதிப்பு ஓடுகிறது என்பதை நிர்வாக மென்பொருளிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

இரண்டு வகையாக எழுதிப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால், ஊழியர் எண் ஒற்றைப்படையில் முடிபவர்களுக்கு ஒன்று, இரட்டைப்படையில் முடிபவர்களுக்கு மற்றொன்று என்று பிரியுங்கள். பிரிவு வாரியாகப் பிரித்தால் பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாடுதான் முடிவில் தெரியும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உண்மையான ஆபத்து நடக்கும் நேரத்தில் எவரையும் எச்சரிக்கை இல்லாமல் விட்டுச் சோதிக்கக்கூடாது.

மூன்றாம் நாள், செய்யாதவர்களுக்கு மட்டும், முதல் மின்னஞ்சலைவிடச் சுருக்கமாக ஒரு நினைவூட்டல் போகட்டும். அதற்குப் பிறகும் எஞ்சுபவர்களின் மேசைக்கு நேரில் போங்கள். அலட்சியக்காரர் என்று நாம் எண்ணியிருந்தவர் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். அந்த இயங்குதளத்துக்கு 2023இன் தொடக்கத்தோடு குரோம் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அவர் நாம் சொன்ன இடத்தை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அங்கே ‘ரீலாஞ்ச்’ பொத்தான் வராது. அவருக்கு இன்னொரு மின்னஞ்சல் வேண்டாம், வேறு கணினி வேண்டும். அதற்கான கொள்முதல் கோரிக்கையை அன்றே எழுதிக் கொடுங்கள்.